ஒரு நிற ஒளியில் ஞாயிற்றைக் கண்ட ஜோன் எவர்செட்

மாசி, பங்குனி மாதங்களில் மழைமுகில் விலகி வானம் துலங்கும் இரவுகளில், வலப்பனை மலைச்சரிவில் நின்று மேல்நோக்குவார்க்கு, மேலைநாட்டார் வேடன் என்று கூறும் விண்மீன் கூட்டம் உச்சிக்கு அண்மையில் விளங்கும். அவ்வேடனின் அரைக்கச்சென நேர்வரிசையில் அமைந்த மூன்று மீன்களையும், அக்கச்சினின்றும் தொங்கும் உடைவாளென மங்கலாய்த் தோன்றுவனவற்றையும் நம் மாணவர் அறிவர். அவ்வாளின் நடுவே மீனென மயங்கத் தோன்றுவது மீனன்று. பரந்து கிடக்கும் வாயுத்திரள். இதனையே நெபுலா என்றும் வான்முகில் என்றும் வழங்குவர்.

இவ்வான்முகில்களைச் செந்நிறமும் நீலப்பசுமையும் செறியக் காட்டும் ஒளிப்படங்களை இன்றைய மாணவர் கைத்தொலைபேசிகளிற் கண்டு வியக்கின்றனர். அவற்றுட் பல பெரிய ஆய்வுநிலையங்களில் எடுக்கப்பட்டனவல்ல. வீட்டு முற்றத்திற் சிறு தொலைகாட்டியொன்றை நிறுவி, பூமியின் சுழற்சிக்கு ஈடாக மெல்லத் திரும்பும் தாங்கியில் அதனைப் பொருத்தி, கமராவின் முன்னே பில்ற்றர் எனப்படும் நிறவடிகண்ணாடி ஒன்றை வைத்து, பல மணிநேரம் பொறுமையோடு ஒளி சேர்த்த பொழுதுபோக்காளர் எடுத்தவை அவை. அவ்வடிகண்ணாடியின் திறம் யாதெனின், வரும் ஒளியிற் பெரும்பாலானதைத் தடுத்துவிடுவதே. கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஏறத்தாழ 400 நனோமீற்றர் முதல் 700 நனோமீற்றர் அலைநீளம் வரை பரந்தது. அவ்வடி அதனுள் ஐந்தாறு நனோமீற்றர் அகலமே உள்ள ஒரு கீற்றை மட்டும் விடும். தெருவிளக்கின் ஒளியும் நிலவொளியும் பல நிறங்களிற் சிதறிக் கிடப்பவை. ஆதலின் அவை பெரிதும் ஒழியும். வான்முகிலோ தன் ஒளியைச் சில குறித்த நிறங்களிலேயே குவித்து வெளியிடுவது. ஐதரசனின் செவ்வொளி 656.3 நனோமீற்றரிலும், ஒட்சிசனின் பசிய ஒளி 500.7 நனோமீற்றரிலும் உள்ளன. அவ்விடத்தைத் திறந்து ஏனையவற்றை அடைத்தால், ஒளி குறையும், காட்சி பெருகும்.

வான்முகில் இங்ஙனம் தனி நிறங்களில் ஒளிர்வதை முதலிற் கண்டவரும் பொழுதுபோக்காளரே. பட்டுவணிகத்தை விட்டு வானியலிற் புகுந்த வில்லியம் அக்கின்ஸ் என்பார், இலண்டன் புறநகரிலிருந்த தம் இல்லத்துத் தொலைகாட்டியால் 1864ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு வான்முகிலின் ஒளியைப் பகுத்து நோக்கி, தொடர்ச்சியான நிறமாலைக்குப் பதிலாகத் தனித்த பசிய கோடுகளைக் கண்டார். அதன் தலைமைக் கோடு ஒட்சிசனுக்குரியதென 1927ஆம் ஆண்டிலேயே அமெரிக்கராகிய அயரா போவன் தெளிவித்தார். இடைப்பட்ட காலத்தில் அக்கோட்டைப் பற்றி இங்கிலாந்தில் நிகழ்ந்த பெருவிவாதத்திற் பூனா நகரிலிருந்து சான்று பகர்ந்தவர் காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா என்னும் பார்சி ஆசிரியர். அக்கோடு மக்னீசியத்தால் விளைவதென்றும் ஒருபுறம் மங்கிப் பரவுமென்றும் நோர்மன் லொக்கியர் கொண்டிருந்தார். வேடனின் வான்முகிலை ஆராய்ந்த நேகம்வாலா, அது எந்நிலையிலும் கூரிய கோடாகவே உள்ளதென 1891ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒரு நிற ஒளியை மட்டும் பிரித்தெடுத்து விண்பொருளைப் படம்பிடிக்கும் கலை இந்நிலையிலிருந்து வளர்ந்து வந்த வழியில், தமிழகத்து மலையொன்றுக்கும் அங்கு வந்து தங்கிய ஒருவருக்கும் தனியிடம் உண்டு. மலை கோடைக்கானல், அவர் ஜோன் எவர்செட். அவர் பிடித்தது வான்முகிலை அன்று, ஞாயிற்றை. ஆயினும் முறை அதுவே. ஞாயிற்றைப் போர்த்த ஐதரசனும் வேடனின் வாளிலே ஒளிரும் ஐதரசனும் வேறல்ல.

எவர்செட் 1864ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இங்கிலாந்தின் சரே மாகாணத்துக் கோம்சால் என்னும் ஊரிற் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. இலண்டனில் ஒரு நிறுவனத்தில் உத்தியோகம். பகற்பொழுது அதற்கே உரியது. எஞ்சிய பொழுதினை அவர் ஞாயிற்றுக்கு அளித்தார். 1890ஆம் ஆண்டில் கென்லி என்னுமிடத்தில் தமக்கென ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, ஞாயிற்றின் விளிம்பிலே எழும் தீநாக்குகளை நாடோறும் வரைந்து குறிக்கலானார். அவ்வாண்டிலேயே தோன்றிய பிரித்தானிய வானியற் சங்கத்திலும் சேர்ந்தார். பொழுதுபோக்காளரை ஒன்றுசேர்த்த அச்சங்கம் நம் நாட்டுக்கும் புதிதன்று. கொழும்பிற் பிறந்து திருக்கோணமலையிற் படைப் பொறியியலாளராய்ப் பணியாற்றி, அங்கிருந்தே வியாழனை ஆராய்ந்து புகழீட்டி, 1908ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மறைந்த பேர்சி மோல்ஸ்வேர்த்தும் அச்சங்கத்தவரே.

எவர்செட்டின் முயற்சியைக் கண்டு மகிழ்ந்த நண்பர் ஆதர் றனியாட் என்பார் 1894ஆம் ஆண்டில் இறந்தபொழுது தம் 18 அங்குலத் தெறிதொலைகாட்டியை அவருக்கே விட்டுச் சென்றார். கருவி பிறர் கொடுத்ததாயினும் அதனோடு இணைக்கவேண்டிய பகுதிகளை எவர்செட் தம் கையாலேயே அமைத்தார். அரியத்தையும் வில்லையையும் தாமே பொருத்திச் சரிபார்க்கும் இப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. ஞாயிற்றை ஒரு நிறத்திற் படம்பிடிக்கும் கருவியை அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹேல் என்பாரும் பிரான்சில் டெலாந்திரே என்பாரும் ஆக்கிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே, இவரும் தமக்கென ஒன்றை ஆக்கிப் பார்த்தார்.

அக்கருவி இயங்கும் முறையை இங்கு விளக்குதல் தகும். ஏனெனில் இன்று ஒரு கண்ணாடித்துண்டு செய்யும் வேலையை அன்று ஓர் அறை நிறைந்த பொறி செய்தது. ஞாயிற்றின் விம்பத்தை ஓர் ஒடுங்கிய பிளவின்மேல் விழவிடுவர். பிளவினூடே நுழைவது அவ்விம்பத்தின் நூலிழை போன்ற ஒரு கீற்று. அக்கீற்றொளியை அரியங்கள் விரித்து நிறமாலையாக்கும். அந்நிறமாலையில் வேண்டிய கோடு விழுமிடத்தில் இரண்டாவது பிளவொன்று உண்டு. ஏனைய நிறங்களெல்லாம் அங்கே தடைப்பட்டு நிற்க, அவ்வொரு நிறம் மட்டும் ஒளிப்படத் தட்டைச் சேரும். பின்னர் முதற்பிளவு ஞாயிற்றின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை மெல்ல நகர, கீற்றுக்குப் பின் கீற்றாகத் தட்டில் முழுவிம்பமும் உருவாகும். நெசவில் இழைக்குப் பின் இழையோடிச் சேலை நிறைவதை இதற்கு ஒப்பிடலாம். நகர்ச்சியிற் சிறு நடுக்கம் நேரினும் படம் கோடுகோடாய்ச் சிதையும். கல்சியத்தின் ஊதாக் கோட்டில் எடுத்தால் ஞாயிற்றின்மேல் ஒளித்திட்டுக்கள் தோன்றும். ஐதரசனின் செங்கோட்டில் எடுத்தால் கரிய இழைகளும் சுழிகளும் தோன்றும். வெண்மையாய்க் காணுங்கால் இவற்றுள் ஒன்றும் புலப்படாது.

உத்தியோகத்தில் விடுப்புப் பெற்றுக் கிரகணங்களைத் தேடியும் அவர் சென்றார். 1896ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுக்குச் சென்றபொழுது முகில் மறைத்துவிட்டது. எனினும் அப்பயணத்திலேதான் மேரி ஓர் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். 1898ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி இந்தியாவிற் புலப்பட்ட முழுக்கிரகணத்துக்குத் தல்னி என்னுமிடத்துக்கு வந்தார். நாம் முன்கூறிய நேகம்வாலா அதே கிரகணத்தைச் சேயூர் என்னும் புகையிரத நிலையத்தருகே பாளயமிட்டு நோக்கினார். எவர்செட்டின் தட்டுக்கள் நன்கமைந்தன. ஐதரசனின் கோடுகள் மேன்மேலும் நெருங்கிச் சென்று முடியும் எல்லைக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத ஊதாகடந்த பகுதியில், தொடர்ச்சியான ஓர் ஒளி நீள்வதை அவை காட்டின. உத்தியோக விடுப்பில் வந்த ஒருவரின் இக்கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மதித்தனர். 1905ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் மீண்டும் முகில். கிரகணம் காணப் புறப்படுவோர்க்கு இது பழகிய விதி போலும்.

1906ஆம் ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கோடைக்கானல் ஆய்வுநிலையத்தில் உதவிப் பணிப்பாளராய் வருமாறு அழைப்புக் கிடைத்தது. அம்மையாரை மணந்ததும் அவ்வாண்டே. பழகிய உத்தியோகத்தைத் துறந்து, பொழுதுபோக்கையே தொழிலாகக் கொண்டு, இருவரும் அமெரிக்காவுக்கும் யப்பானுக்கும் சென்று ஆங்காங்குள்ள ஆய்வுநிலையங்களைக் கண்டு, 1907ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பழனி மலைகளை அடைந்தனர்.

அந்நிலையம் எழுந்த காரணத்தை மலைநாட்டு வாசகர் அறிந்துகொள்ளல் வேண்டும். 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மக்கள் இலக்கக் கணக்கில் மாண்டனர். எஞ்சியோருட் பல்லாயிரவர் கடல்கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபின்னும் அவர்தம் மரபினர் இம்மலைகளிலேயே நிலைத்தனர். மழை பொய்ப்பதற்கும் ஞாயிற்றின் புள்ளிகள் கூடிக்குறைவதற்கும் தொடர்பு உண்டோ என்னும் ஆராய்ச்சி அப்பஞ்சத்தின் பின்னரே அரசாங்கத்தில் வலுப்பெற்றது. ஞாயிற்றை நாடோறும் நோக்க ஒரு நிலையம் வேண்டுமெனப் பஞ்ச விசாரணையாளர் கூறினர். நெடுங்காலத் தாமதத்தின் பின் 1895ஆம் ஆண்டிற் கோடைக்கானலில் அடிக்கல் நாட்டப்பட்டது. நம் முன்னோரை மலையேற்றிய அதே பஞ்சந்தான் அந்த ஆய்வுநிலையத்தையும் மலையேற்றியது. மழையை முன்னறியும் ஆசை அங்கு நிறைவேறவில்லை. ஞாயிற்றைப் பற்றிய அறிவோ நிரம்ப விளைந்தது.

நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2343 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா நகரினும் உயர்ந்தது, பீதுருதாலகால உச்சியினும் தாழ்ந்தது. கேம்பிரிட்ச் நகரிற் செய்த ஒரு நிறப் படக்கருவி 1904ஆம் ஆண்டிலேயே அங்கு வந்துசேர்ந்திருந்தது. எனினும் எவர்செட் வந்து அதன் பகுதிகளைச் சீர்செய்த பின்னரே அது செவ்வனே பயன்தரத் தொடங்கியது. கென்லியிற் கைபழகிய திறமை இங்கு உதவிற்று. கல்சிய ஒளியில் நாடோறும் படமெடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. பின்னர்ச் செவ்வொளிக்கென இன்னொரு கருவியை அவரே அமைத்து இணைத்தார். பணிப்பாளராயிருந்த மிக்கி சிமித் 1911ஆம் ஆண்டில் ஓய்வுபெற, அப்பதவியும் அவரைச் சேர்ந்தது. அங்கு நாடோறும் காலையில் ஞாயிற்றை நோக்கிக் குறித்தோருட் சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் முதலிய தமிழர் இருந்தனர். அவர்கள் பெயரை நம்மவர் பெரிதும் எடுத்துரையாமை குறையே.

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சிக்கு வருவாம். 1908ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஹேல் செவ்வொளியில் எடுத்த படங்களில், ஞாயிற்றுப் புள்ளிகளைச் சுற்றிப் புயற்சுழி போன்ற அமைப்புக்கள் காணப்பட்டன. அப்புள்ளிகள் காந்தப்புலம் உடையன என்பதும் அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. ஆகவே புள்ளியிலுள்ள வாயு சூறாவளி போலச் சுழல்கின்றது எனப் பலரும் எண்ணினர். எவர்செட்டும் அச்சுழற்சியை அளந்துவிடலாமென்றே கருவியைத் திருப்பினார்.

அளக்கும் வழி இது. நானுஓயா நிலையத்தில் நிற்போர், ஊதிக்கொண்டு நெருங்கும் புகையிரதத்தின் குழலோசை உயர்ந்தும், கடந்து அகலுங்கால் தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பர். ஒளியும் அத்தகையது. நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு ஊதாப்பக்கமும், அகலும் வாயுவின் கோடு செம்பக்கமும் சிறிது பெயரும். பெயர்ச்சியை அளந்தால் வேகம் தெரியும்.

1909ஆம் ஆண்டு சனவரி 5ஆந் திகதி. மழைக்குப் பின் வானம் கழுவி விட்டாற்போலத் தெளிந்திருந்தது. ஞாயிற்றில் இரு பெரும்புள்ளிகள் இருந்தன. அவர் எடுத்த தட்டில், புள்ளியைக் கடந்து செல்லுமிடத்திற் கோடுகள் சாய்ந்து கிடந்தன. ஞாயிற்றின் விளிம்பை நோக்கிய பக்கத்திற் சிவப்புக்கும் நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாவுக்கும் அவை பெயர்ந்திருந்தன. இது சுழற்சியாயின், பிளவை விளிம்பிற்கு இணையாகத் திருப்பி வைக்கும்பொழுதே பெயர்ச்சி மிகுதியாய்த் தோன்றல் வேண்டும். அவ்வாறு திருப்பினார், பெயர்ச்சி மறைந்தது. புள்ளி ஞாயிற்றின் நடுப்பகுதிக்கு வந்தபொழுதும் அது மறைந்தது. எனவே வாயு சுழலவில்லை. புள்ளியின் கரிய நடுவிலிருந்து சுற்றியுள்ள மங்கல் வட்டத்தின் வழியே நாற்புறமும் கிடையாக வெளியே பாய்கின்றது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர். தாம் தேடிச் சென்றதற்கு மாறாக ஒன்று புலப்பட்டவிடத்து, தேடியதைக் கைவிட்டுக் கண்டதை எழுதினார். கோடைக்கானல் அறிக்கை இதழில் அவ்வாண்டே அது வெளிவந்தது. உலகெங்கும் ஞாயிற்றாய்வாளர் இன்றும் அதனை எவர்செட் விளைவு என்றே வழங்குகின்றனர்.

அவருக்கு எல்லாம் கைகூடின என்று எண்ணற்க. 1910ஆம் ஆண்டில் ஹலியின் வால்வெள்ளியைக் கோடைக்கானலிற் படம்பிடித்தார். 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது; 1918ஆம் ஆண்டில் அரச வானியற் சங்கத்தின் பொற்பதக்கம் கிடைத்தது. ஆயின் அக்காலத்திலேயே அவரை வருத்திய வினாவொன்று இருந்தது. ஞாயிற்றின் கோடுகள் யாவும், பூமியிலுள்ள ஆய்வுகூடத்தில் அதே மூலகங்கள் தரும் கோடுகளினும் மிகச்சிறிது சிவப்புப்பக்கம் பெயர்ந்துள்ளன. ஐன்ஸ்ரைன் தம் கொள்கையால் ஈர்ப்பின் விளைவாக அத்தகைய பெயர்ச்சி உண்டெனக் கணித்திருந்தார். அளவோ மில்லியனில் இரண்டு பங்கு. எவர்செட் அதனை உடனே ஏற்றிலர். ஞாயிற்றின் வாயுக்களைப் பூமி ஏதோவொரு வகையில் அப்பால் தள்ளுகின்றது போலும் என ஐயுற்றார். இக்கருத்து இன்று நமக்கு விந்தையாய்த் தோன்றலாம். எனினும் அவர் ஐயத்தோடு நின்றுவிடாது சோதனைக்குச் சென்றார். பூமியை நோக்கிய முகம் தவிர்ந்த ஞாயிற்றின் பிறமுகத்து ஒளியைப் பெறுவதெங்ஙனம்? வெள்ளிக்கோள் ஞாயிற்றின் அப்புறம் செல்லுங்கால் அதிற்பட்டுத் தெறிக்கும் ஒளி அம்முகத்து ஒளியே. அவ்வொளியைப் பல்லாண்டு அளந்தார். முடிவில் ஐன்ஸ்ரைனின் விளக்கத்தையே ஏற்றுக்கொண்டார். 1922ஆம் ஆண்டில் அக்கொள்கையின் மற்றொரு கூற்றைக் கிரகணத்திற் சோதிக்க அவுஸ்திரேலியாவின் வல்லல் கரைக்குச் சென்றபொழுது கருவி ஒத்துழையாமல் வெறுங்கையராய்த் திரும்பினார்.

அம்மையாரைப் பற்றிக் கூறாது விடுதல் அறமன்று. தென்வானத்து விண்மீன்களை எளிய முறையில் அறிவிக்கும் நூலொன்றை அவர் மணத்துக்கு முன்னரே எழுதியிருந்தார். இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் வானியலறிவைப் பற்றிய ஆராய்ச்சி நூலொன்று கோடைக்கானல் வாழ்வின்பொழுது வெளிவந்தது. தீநாக்குகளைப் பற்றிக் கணவரும் மனைவியும் சேர்ந்து ஆக்கிய பெருந்தொகுப்பு 1917ஆம் ஆண்டிற் கோடைக்கானல் நினைவேட்டில் வெளிவந்தது. கென்லியில் 1890ஆம் ஆண்டு முதல் ஒரு பொழுதுபோக்காளர் வரைந்த குறிப்புக்களும் அத்தொகுப்பில் அடங்கின. எமக்கு இச்செய்தி மிகவும் உவப்பானது. இலண்டன் உத்தியோகத்தரின் ஓய்வுநேர ஏடும் அரசாங்க ஆய்வுநிலையத்தின் ஏடும் ஒரே நூலில், ஒரே தரத்தனவாய் வைத்து எண்ணப்பட்டன.

பூனாவில் நேகம்வாலா ஓய்வுபெற்றதும் அவர் நடத்திய ஆய்வுக்கூடம் 1912ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பவநகர் மகாராசாவின் நன்கொடையால் எழுந்த அதன் 20 அங்குலத் தொலைகாட்டி கோடைக்கானலுக்கே கொண்டுவரப்பட்டது. வான்முகிலின் பசிய கோட்டை ஆராய்ந்த கூடத்தின் உடைமை, ஞாயிற்றின் செங்கோட்டைப் படம்பிடித்தவரின் பொறுப்பில் இங்ஙனம் வந்துசேர்ந்தது.

அக்காலத்தில் வான்முகிலை ஒரு நிறத்திற் படமெடுக்க எவர்செட்டின் பொறி உதவாது. ஞாயிற்றின் ஒளி மிகுதி. அதனைப் பிளவில் நறுக்கிச் செலவிடலாம். வான்முகிலின் ஒளியோ சிறுகச்சிறுகச் சேர்ப்பது. 1933ஆம் ஆண்டளவிற் பிரான்சு நாட்டு பேர்னார் லியோ, பளிங்குத் தட்டுக்களை அடுக்கி, பிளவின்றியே ஒரு நிறத்தைப் பிரிக்கும் வடியை ஆக்கினார். கண்ணாடியின்மேல் மெல்லிய படலங்களைப் பல அடுக்காகப் பூசி நிறத்தை வடிக்கும் முறை அதன் பின்னர்ப் பெருகிற்று. இன்று பொழுதுபோக்காளர் கமராவில் திருகிப் பொருத்தும் வடி அவ்வகையினது. வலப்பனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் உள்ளமையால், இங்கிருந்து வடவானத்து முகில்களோடு, ஐரோப்பியர் தம் நாட்டிலிருந்து காணவியலாத கரைனா என்னும் தென்வானத்து முகிலும் தென்மலைகளின்மேல் எழக் காணலாம். மூடுபனி இடந்தர வேண்டும்; அவ்வளவே.

எவர்செட் 1923ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார். ஓய்வு என்பது பெயரளவே. சரே மாகாணத்து யூகர்ஸ்ட் என்னுமிடத்தில் 1925ஆம் ஆண்டில் மீண்டும் சொந்த ஆய்வுக்கூடமொன்றை நிறுவினார். அறுபதாண்டைக் கடந்தவர் மறுபடியும் பொழுதுபோக்காளராகி, நிறமாலையின் மிக நுண்ணிய பெயர்ச்சிகளை அளக்கப் புதிய கருவிகளைத் தாமே அமைத்தார். 1949ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார். அதன் பின்னும் அவர் வேலையை நிறுத்தவில்லை. 1953ஆம் ஆண்டில், எண்பத்தொன்பதாம் வயதிலேயே அக்கூடத்தை மூடினார். 1956ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி அவர் உயிர் பிரிந்தது.

கோடைக்கானலில் அவரும் பின்வந்தோரும் கல்சிய ஒளியிலும் ஐதரசன் ஒளியிலும் நாடோறும் எடுத்த தட்டுக்கள் நூறாண்டுக் காலத்தைத் தழுவிய தொகுதியாகப் பேணப்பட்டுள்ளன. அவற்றைக் கணனிப் பதிவாக்கி, ஞாயிற்றின் பழைய போக்கை அறிய விரும்புவோர் இன்றும் பயன்படுத்தி வருகின்றனர். சந்திரனின் மறுபக்கத்திலுள்ள குழியொன்றுக்கு அவர் பெயர் வழங்குகின்றது.